ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

ரெக்ஸ் நோஸ்கே வீட்டில் யாரோ கரண்ட் திருடுகிறார்கள் என்பது நவம்பர் முதல் வாரம் பில் வந்தபோதுதான் தெரிந்தது. அவர் அந்தப் பில்லை மூன்று முறை படித்தார். முதல் முறை கண்ணாடி இல்லாமல், அடுத்து கண்ணாடியோடு, அப்புறம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு. கண்ணாடியின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஒயினுக்குப் பேர்போன நூரியூட்பா ஊரில் ரெக்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தொரு வருடம் ஒயின் ஆலையில் பாட்டில் நிரப்பும் பிரிவின் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்றதும் மேற்பார்வை பார்க்க ஆளில்லாமல் எட்டு மாதம் தவித்துப்போனார். அதற்குப் பிறகு ஒரு பேட்டரி வாங்கினார்.

கராஜ் சுவரில், பிரிட்ஜ் அளவுக்கு, வெள்ளையாக ஒன்று. ஊரில் எல்லோரும் கூரையில் சோலார் தகடு போட்டு வெயிலில் பேட்டரியை நிரப்பிக்கொள்வார்கள். ரெக்ஸின் கூரை மேல் தெருவோரத்துச் சிவப்பு யூகலிப்டஸின் நிழல். அந்த மரத்தை வெட்டக் கூடாது என்பது கவுன்சில் சட்டம். ரெக்ஸ் மூன்று மனு கொடுத்துப் பார்த்தார். மரம் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு கிளையாக வளர்ந்தது. ஆகவே அவர் வேறு வழி பிடித்தார். ஊர்க் கூரைகள் எல்லாம் சேர்ந்து கரண்டைக் கொட்டுகிற காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை கம்பெனி அதை ஏறக்குறையச் சும்மாவே கொடுத்தது. அந்த நேரத்தில் வாங்கி பேட்டரியில் அடைத்துக்கொள்ள வேண்டும், மாலையில் விலை ஏறும்போது எடுத்துச் செலவழிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கம்பெனிக்கு இது ஒரு கட்டண முறை. ரெக்ஸுக்கு மதம்.

மதம் என்றால் வேதம் வேண்டுமே. அது ஒரு பட்டியலாகப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. பச்சைக் கட்டத்தில் எல்லாம் ஓடலாம். மஞ்சள் கட்டத்தில் கேட்டுவிட்டு ஓட்டலாம். சிவப்புக் கட்டம் காலை எட்டிலிருந்து பத்துவரை. இரவெல்லாம் உழைத்த பேட்டரி காலியாகி, மலிவு நேரம் இன்னும் தொடங்காத இடைவெளி அது. அப்போது பிரிட்ஜைத் தவிர யாரும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ரெக்ஸின் மனைவி எல்வா அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தவக்காலம் என்று பெயர் வைத்திருந்தாள்.

தவக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பது ரெக்ஸுக்கே கஷ்டம். ஒன்பது மணிக்குக் கிளம்பி பந்து உருட்டும் கிளப்புக்குப் போய் அங்கே புல்தரையைச் சீராக்குவார். சரியாகப் பத்துக்குத் திரும்பி வந்து பேட்டரிக்கு எதிரே நிற்பார். அதன் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கும். கொடியேற்றத்தைப் பார்த்தவர்போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் இந்தப் பில். கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்களோட முழு விலை யூனிட்தான் கூடியிருக்கு மிஸ்டர் நோஸ்கே. தினமும் காலைல ஒம்பதுலேருந்து பத்துக்குள்ள அஞ்சு யூனிட் போகுது."

"ஒம்பதுலேருந்து பத்தா? அப்ப எங்க வீட்ல ஒண்ணுமே ஓடாதும்மா. பேட்டரியே பத்துக்குத்தான் முழிக்கும்."

"ஓடியிருக்கே. அக்டோபர் அஞ்சாம் தேதிலேருந்து தினமும் ஓடியிருக்கு. ஒருநாள்கூட லீவு விடல."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமையும். அந்த அஞ்சாம் தேதி வீட்டுக்குப் புதுசா ஏதாவது வந்துச்சா? ஏசி, வெந்நீர்த் தொட்டி, அந்த மாதிரி பெருசா?"

ரெக்ஸ் சமையலறை ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு கேரவன், காரில் மாட்டி இழுத்துப் போகிற வீட்டுவண்டி, நின்றிருந்தது. அதிலிருந்து ஒரு ஆரஞ்சு வயர் புல்தரையைக் கடந்து கொட்டகைக்குள் போயிருந்தது.

"வந்துச்சு" என்றார். "என் பொண்டாட்டியோட தம்பி."

அக்டோபர் ஐந்து அவருக்கு நன்றாக நினைவிருந்தது. திங்களும் லீவான நீண்ட வாரக் கடைசியின் ஞாயிறு. பூமியின் தென்பாதியில் கோடை நெருங்குகிற மாதம் அது, ஊரே கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிற நாள். காலையில் எழுந்ததும் வீடு முழுக்கச் சுற்றி, சுவர், படுக்கை, கார், கை என்று எல்லாக் கடிகாரத்தையும் தள்ளிவைத்தார். அடுப்புக் கடிகாரம் மட்டும் விதிவிலக்கு. அதை மாற்ற எந்தப் பொத்தானை எத்தனை நேரம் அமுக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம் தொலைந்து பதினைந்து வருடம் ஆகிறது. பேட்டரி போனைப் பார்த்துத் தானே மாற்றிக்கொண்டது. சொல்லாமலே வேலை செய்கிற ஒரே ஆள் இந்த வீட்டில் இதுதான் என்று ரெக்ஸ் அன்று பெருமைப்பட்டார். எட்டு மணிக்கெல்லாம் லிண்ட்சே கேரவனோடு வந்து இறங்கினான்.

லிண்ட்சேக்கு ஐம்பத்தெட்டு வயது. பிரிட்ஜ் மெக்கானிக். யாரையும் 'மேட்', அதாவது நண்பா, என்றுதான் கூப்பிடுவான். மனைவி பிரிந்து, வீட்டையும் விற்றாயிற்று. பக்கத்து ஊர் தனுண்டாவில் பார்த்துவைத்த வாடகை வீடு பிப்ரவரியில்தான் காலியாகும். அதுவரை எங்கே போவான், இங்கே வரட்டும் என்று எல்வா சொல்லிவிட்டாள். ரெக்ஸும் சரி என்றார். ஒரு விளக்கு, ஒரு போன் சார்ஜர், அவ்வளவுதான் என்று பேச்சு. சமையலுக்கு அவனிடம் சொந்த காஸ் சிலிண்டர் இருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ரெக்ஸ் பில்லை உப்பு ஜாடியின் மேல் சாய்த்து வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல. அஞ்சு யூனிட்ங்கறேன்."

"நீ ஒண்ணும் சொல்லாம சொல்றது எப்படின்னு எனக்கு முப்பத்தாறு வருஷமா தெரியும் ரெக்ஸ்" என்றாள் எல்வா.

"பிரிட்ஜ் மெக்கானிக். வயர் தெரிஞ்சவன்."

"நீ ஒயின் தெரிஞ்சவன். அதுக்காக உன்னைக் குடிகாரன்னு சொன்னேனா?"

"ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல நான் வீட்ல இல்லன்னு யாருக்குத் தெரியும்? உனக்கும் அவனுக்கும்தான்."

"ஓ. பட்டியல்ல நானும் இருக்கேனா?"

ரெக்ஸ் உருளைக்கிழங்கை வெட்டினார். அது ஏற்கெனவே வெட்டியிருந்தது.

எல்வா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லாக் கேட்டுக்கோ. அவன் மேல பழி போட்டு அவன் கேரவனை மாட்டிக்கிட்டுக் கெளம்பினான்னா, முன் சீட்ல நான் இருப்பேன். அப்புறம் நீ பேட்டரியோட குடித்தனம் பண்ணு. அது உன்னை நல்லாப் பாத்துக்கும்."

எல்வா வெறும் பேச்சுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை. திருடனைக் கோட்டைவிட்டால் கரண்ட் போகும், தப்பாகப் பிடித்தால் எல்வா போய்விடுவாள். ரெக்ஸுக்கு அன்றிரவு இரண்டும் ஏறக்குறைய ஒரே கனத்தில் தெரிந்தன. அது தப்பு என்பதுகூட அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆதாரத்தோடு பிடித்துவிட்டால் இரண்டுமே மிஞ்சும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகையில் இருந்த பிளக்கின் மேல் ஒரு வெள்ளை நூலைக் குறுக்கே ஒட்டினார். யாராவது வேறு எதையாவது சொருகினால் நூல் அறும். தரையில் டால்கம் பவுடர் தூவினார். பத்து மணிக்கு வந்து பார்த்தபோது நூல் அப்படியே இருந்தது. பவுடரில் நான்கு சின்னக் கால்களும் ஒரு வாலும் நடந்து போயிருந்தன. நீலநாக்குப் பல்லி. ரெக்ஸ் பல்லியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. கடைசியில் போட்டுக்கொண்டார்.

லிண்ட்சே கேரவன் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரிப் பெட்டி எவ்வளவு இழுக்கும் என்பது ரெக்ஸுக்கு மனப்பாடம்.

"சட்டை நல்லா இருக்கே. யாரு தேய்ச்சா?"

"மடிச்சு மெத்தைக்கு அடியில வெச்சுப் படுத்துட்டேன் மேட். காலைல இப்படி வந்துடும்."

"ராத்திரி முழுக்கவா?"

"வேற எப்படி? நடுவுல எழுந்து திருப்பிப் போடணும்னா சொல்லு, போடறேன்."

குற்றவாளிகள்தான் இவ்வளவு சரளமாகப் பதில் சொல்வார்கள் என்று ரெக்ஸ் நினைத்துக்கொண்டார். ஆலையில் மூன்று பெட்டி ஷிராஸ் ஒயின் காணாமல் போனபோதும் திருடினவன்தான் நன்றாகப் பேசினான்.

வெள்ளிக்கிழமை அவர் நேரடியாக இறங்கிவிட முடிவு செய்தார். ஒன்பது மணிக்கு மீட்டர் பெட்டியைத் திறந்தார். அந்த மீட்டர் ஒரே சமயத்தில் ஒரு விஷயம்தான் காட்டும். முதலில் யூனிட், அப்புறம் தேதி, அப்புறம் மணி என்று மெதுவாக உருளும். யூனிட் வந்ததும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "கிளப்புக்குப் போயிட்டு வரேன்" என்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டுச் சந்து வழியாக வந்து, பின்வேலியோரம் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.

மேக்பை பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். சிவப்பு யூகலிப்டஸிலிருந்து ஒன்று இறங்கி அவர் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது. மரத்துக்கு அவர் மேல் பழைய பகை. ரெக்ஸ் தொட்டி மூடி ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். வேவு பார்க்கிறவனுக்கு மஞ்சள் நிற மூடி அவ்வளவு பொருத்தமில்லை, ஆனாலும் வேறு வழியில்லை.

ஒன்பதே காலுக்கு எல்வா சமையலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். சொந்த வீட்டுப் புல்தரையில் நடப்பவள் அப்படிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? ஏப்ரனுக்கு அடியில் எதையோ மறைத்திருந்தாள். கேரவன் கதவை இரண்டு முறை தட்டினாள், உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு உள்ளே ஏதோ 'உஸ்' என்றது. அப்புறம் மெல்ல ஆரம்பித்து ஒரு விசில்.

கெட்டில்! தவக்காலத்தில் கெட்டில்!

ரெக்ஸ் மூடியோடு எழுந்து குனிந்தபடியே ஓடி, கேரவன் ஜன்னலில் ஒரு கண்ணை வைத்தார். உள்ளே காஸ் அடுப்பில் நீல ஜுவாலை. அதன் மேல் பழைய விசில் கெட்டில், எல்வாவின் அம்மா வீட்டிலிருந்து வந்தது. ரெக்ஸ் அதைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. மேஜையில் மேலே சர்க்கரைப் பொருக்கு படிந்த ஜெர்மன் கேக், ஏப்ரனுக்கு அடியில் வந்தது அதுதான். எல்வா இரண்டு கப்பில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். லிண்ட்சே மூக்கு நுனியில் எல்வாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு தட்டைப் பட்டியல்போலப் பிடித்திருந்தான்.

"எல்வா, மணி ஒம்பது இருவது. டீயா? அங்க பேட்டரி பட்டினி கெடக்கு, உனக்கு டீ கேக்குதா?"

எல்வா சிரித்த சிரிப்பில் டீ சாஸரில் கொட்டியது. "டேய் போதும்டா. அவன் அப்படியேதான் சொல்லுவான். அந்த விரலைத் தூக்கு, விரலைத் தூக்கு."

லிண்ட்சே விரலைத் தூக்கினான். ஜன்னலுக்கு வெளியே ரெக்ஸ் தன் விரலைப் பார்த்தார். அது ஏற்கெனவே தூக்கியிருந்தது.

தன் மனைவி ஒரு கப் டீ குடிக்க ஒளிந்து போகிறாள் என்பது அவருக்கு உறைத்தது. அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்பது அதைவிடக் கொஞ்சம் ஆழமாக உறைத்தது. இன்னொருவராக இருந்தால் அங்கேயே கதவைத் தட்டியிருப்பார். ரெக்ஸ் தட்டவில்லை. காஸ் என்றால் பூஜ்யம் யூனிட். அப்படியானால் அந்த ஐந்து யூனிட்?

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மீட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளங்கையில் இருந்த எண்ணுக்கும் திரையில் இருந்த எண்ணுக்கும் வித்தியாசமே இல்லாத வித்தியாசம். ஒரு மணி நேரமாகப் பிரிட்ஜைத் தவிர எதுவும் ஓடவில்லை. அப்போது கராஜில் பேட்டரி பெருமூச்சு விட்டது. திரை உருண்டு தேதியைக் காட்டியது, பிறகு மணியைக் காட்டியது.

09:00.

ரெக்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து. திரையைப் பார்த்தார். ஒன்பது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருடன் கரண்டில் கை வைக்கவில்லை, மீட்டரின் கடிகாரத்திலேயே கை வைத்திருக்கிறான்! என்ன லாபத்துக்கு வைத்தான் என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நேராகக் கேரவனுக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

"மாட்டிக்கிட்ட! மீட்டர் மணியை ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வெச்சிருக்க. இதோ படம்."

லிண்ட்சே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். படத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மீட்டர் பெட்டிக்குள்ள கம்பெனி சீல் இருக்கு மேட்."

"சீலை உடைச்சுத் திரும்பப் போடத் தெரிஞ்சவன்தானே நீ."

"அப்ப சரி" என்றான் லிண்ட்சே. கோபம்கூட இல்லை, அதுதான் கேட்க நன்றாக இல்லை. "ஒருத்தன் வீட்ல இப்படி நெனப்பு வந்தப்புறம் அங்க இருக்கறது முறையில்ல. அரை மணி கொடு."

எல்வா ரெக்ஸின் கையைப் பார்த்தாள். அதில் இன்னமும் குப்பைத் தொட்டி மூடி இருந்தது.

"ஜன்னல்ல எட்டிப் பாத்தியா?"

ரெக்ஸ் மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"காஸ்னு பாத்தும்தான் இதைச் சொல்ற" என்றாள் எல்வா. ஏப்ரனைக் கழற்றினாள். நான்காக மடித்து, மடிப்பு சரியில்லாமல் மறுபடி மடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டி கனமாக இருந்தது. ஒரு ராத்திரிக்கான கனம் இல்லை.

கேரவனை வண்டியில் மாட்டுவது சத்தமான வேலை. சங்கிலி, கொக்கி, ஸ்டாண்ட் சுழற்றும் ஓசை எல்லாம் சமையலறைக்குக் கேட்டன. ரெக்ஸ் உள்ளே நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ போடலாம் என்று தோன்றியது. மணி பத்தரை, பச்சைக் கட்டம்தான், போடலாம். கெட்டிலைத் தட்டிவிட்டுப் பழக்கத்தில் அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தார்.

09:31.

முதல் மூன்று விநாடி ரெக்ஸ் நோஸ்கே நினைத்தது இது: பாவி, அடுப்பையும் திருப்பிவிட்டான்.

நான்காவது விநாடியில் அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அடுப்பை யாரும் திருப்பவில்லை. யாரும் திருப்பாததால்தான் அது அப்படிக் காட்டுகிறது. மீட்டரையும் யாரும் திருப்பவில்லை. கோடை வந்தது, ஊர் முழுக்கக் கடிகாரத்தைத் தள்ளியது, மீட்டருக்கும் அடுப்புக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆனால் பேட்டரி போனைப் பார்த்து மாற்றிக்கொண்டுவிட்டது. அது பத்து என்று விழிக்கும்போது மீட்டருக்கு மணி ஒன்பது. மலிவு விலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே அது ஐந்து யூனிட்டை இழுத்துக் குடித்துவிடுகிறது, தினமும், ஞாயிறுகூட விடாமல். கம்பெனிப் பெண் சொன்ன ஒன்பதும் பத்தும் மீட்டருடைய ஒன்பதும் பத்தும்.

திருடன் கராஜில்தான் இருந்தான். ஒரு மாதமாகத் தினமும் திருட்டு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து, அவன் எதிரே நின்று, தலையாட்டிவிட்டுப் போனவர் ரெக்ஸ்.

வெளியே என்ஜின் உறுமியது.

ரெக்ஸ் ஓடினார். முன்வாசலில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு எதிரே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். ஒரு கையில் ஏப்ரன். லிண்ட்சே பிரேக் போட்டான். முன் சீட்டில் எல்வா ஜன்னலைப் பாதி இறக்கினாள்.

முப்பத்தொரு வருட மேற்பார்வையில் ரெக்ஸ் தன் வாயால் தன் தப்பைச் சொன்னதில்லை. அந்த வாக்கியம் எப்படித் தொடங்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்தது இதுதான்:

"அடுப்பு சரியா இருக்கு!"

"என்னது?" என்றாள் எல்வா.

"அடுப்புக் கடிகாரம். அது தப்பில்ல. மீட்டரும் தப்பில்ல. கோடைக்கு மீட்டர் மாறாது. பேட்டரி மாறிடுச்சு. ஒரு மணி நேரம் முந்தியே..."

லிண்ட்சேக்கு முதலில் புரிந்தது. மெதுவாக முன்னால் சாய்ந்து நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தான். தோள் குலுங்கியது. அவன் நெற்றி ஹார்னில் பட்டு வண்டி ஒரு முறை அலறியது. எதிர்வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார்.

எல்வா சிரிக்கவில்லை. "முழுசாச் சொல்லு ரெக்ஸ். கரண்டை எடுத்தது யாரு?"

"பேட்டரி."

"அதுக்கு நேரம் வெச்சது?"

ரெக்ஸ் ஏப்ரனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "நான்."

"கேக்கல. என்ஜின் சத்தம்."

லிண்ட்சே உடனே என்ஜினை நிறுத்தினான்.

"நான்தான்" என்றார் ரெக்ஸ், எதிர்வீட்டுத் திரைவரை கேட்கும்படி. "லிண்ட்சே, நான் சொன்னது தப்பு. மீட்டர் விஷயமும் தப்பு. அந்த ஜன்னலும்."

"சட்டை?" என்றான் லிண்ட்சே.

"சட்டையும்."

"தப்புன்னு மாத்திரம் சொல்லாத மேட். சட்டை நல்லாயிருக்குன்னு சொல்லு."

"சட்டை நல்லாத்தான் இருக்கு."

எல்வா ஜன்னலை முழுக்க இறக்கினாள். மடியில் இருந்த பெட்டியின் கைப்பிடியை அவள் இன்னும் விடவில்லை. "இப்ப மணி என்ன?"

"பத்து நாப்பது" என்றார் ரெக்ஸ். பிறகு நேர்மையாக, "மீட்டருக்கு ஒம்பது நாப்பது."

"அப்ப உன் பட்டியல்படி இன்னும் தவக்காலம். வீட்ல டீ போட முடியாது."

"போடலாம். யாரு வேணா போடலாம். நானே ஏற்கெனவே கெட்டிலைத் தட்டிவிட்டுட்டுத்தான் ஓடி வந்தேன். அந்தப் பட்டியலைக் கிழிச்சுடறேன்."

"நீ கிழிக்க வேண்டாம், நான் கிழிச்சுக்கறேன்" என்றாள் எல்வா. கதவைத் திறந்து இறங்கினாள். பெட்டி மட்டும் சீட்டிலேயே இருந்தது. "கேரவன்ல பாதி கேக் இருக்கு. ஆனா கப் ரெண்டுதான். வேணும்னா உன் கப்பை எடுத்துட்டு வா. போற வழியில பேட்டரிகிட்ட நிக்காத."

"நிக்க மாட்டேன்."

ரெக்ஸ் வீட்டுக்குள் போனார். கராஜில் விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முழு விலையில், முழு மூச்சாக. போனை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். பத்து விநாடி வேலை. கெட்டிலை அணைத்தார். அலமாரியிலிருந்து கப்பை எடுத்தார். கராஜ் கதவைக் கடந்து நேராக நடந்தார்.

சாவித் துவாரம் வழியாக ஒருமுறை பார்த்ததோடு சரி.